கோட்டுப் போட்டால் ஸ்விங் வந்துவிடுமா?

ஸ்விங் நடனத்தைப்பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தகுதியும் இல்லை. ஆடத் தெரியாது, முழங்காலும் சரியில்லை. ஆனால் எண்பதுகளில் யாழ்ப்பாணத்துக் கல்யாணவீடுகளில் ஒரு சின்ன இசைக்குழுவோடு கொங்கோ தட்டித் திரிந்தவன் நான். வாசிக்கிறவனுக்குக் காசு குடுக்காமல் ஆடிவிட்டுப் போகிற ஆட்களை எந்த நாட்டில் கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

மகள் நாலு வருசமாய் லிண்டி ஹொப் ஆடுகிறாள். டப்ளினிலிருந்து (அயர்லாந்து இல்லை, கலிபோர்னியா. இதை எத்தனைதரம் சொல்வது!) ஓக்லண்டுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் அவளைக் கொண்டுபோய்விட்டு, சுவர் ஓரத்தில் கதிரை போட்டுக் காத்திருந்த நேரத்தில் இந்தச் சனத்தின் சண்டைகள் எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டன. எங்கட சங்கங்களிலே நடக்கிற சண்டைக்கு ஒரு துளியும் குறைவில்லை.

மூன்று கோஷ்டி. ஆடுகிறவை, வாசிக்கிறவை, உடுக்கிறவை.

ஆடுகிறவைக்குப் பாட்டு என்பது வேகம். நிமிசத்துக்கு இத்தனை அடி என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். பாட்டு மூன்று நிமிசத்துக்கு மேல் போகக்கூடாது, சாக்ஸபோன்காரன் தனி ஆவர்த்தனத்தை நீட்டக்கூடாது. வாசிக்கிறவைக்கு ஆடுகிறவை ஒரு தொல்லை. "உவை வீட்டிலிருந்து போத்தலிலே தண்ணி கொண்டுவருவினம், பாரிலே ஒரு பியர் வாங்கமாட்டினம், பிறகு கடைக்காரன் எங்களைக் கூப்பிடமாட்டான்" என்பது அவர்களின் நிரந்தர முறைப்பாடு. அதில் உண்மை இருக்கிறது. வியர்க்க வியர்க்க ஆடுகிறவன் குடித்துவிட்டு ஆடமுடியாது. குடிக்காத கூட்டத்தை வைத்து மதுச்சாலை நடத்தவும் முடியாது. உடுக்கிறவைக்கு இரண்டும் இரண்டாம் பட்சம். 1940களின் தொப்பி, இரண்டு நிறச் சப்பாத்து, தலைமயிர்ச் சுருள், உதட்டுச் சாயம். அந்தக் காலத்தைப்போல "வாழ்வது".

இது எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் கதை சொல்லவேண்டும்.

நியூயோர்க் ஹார்லெமில் 1926இல் திறந்த சவோய் மண்டபத்தில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கினதுதான் லிண்டி ஹொப். ஒரு முழுத் தெருத்துண்டு நீளமான மண்டபம், இரண்டு வாத்திய மேடை. ஒரு குழு ஓய மற்றது தொடங்கும், ஆட்டம் நிற்காது. சிக் வெப் என்ற டிரம்ஸ்காரர்தான் அங்கே ராசா. முள்ளந்தண்டு நோயால் வளராத உடம்பு, 1939இல் இளம் வயதிலேயே செத்துப்போனார். 1937 மே மாதம் பெனி குட்மனின் புகழ்பெற்ற வெள்ளைக்காரக் குழு அவரோடு போட்டிக்கு வந்து திரும்பிப்போன கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அங்கே ஆடின பிரான்கி மானிங்தான் 1935இல் சோடியைத் தூக்கி முதுகுக்கு மேலால் சுழற்றி இறக்குகிற வித்தையை முதன்முதல் செய்தவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடின இடம் அது. அதற்காகவே பொலிஸ் அதில் ஒரு கண் வைத்திருந்தது. 1943இல் விபசாரம் என்று காரணம் சொல்லி ஆறு மாதம் பூட்டி வைத்தார்கள். 1958இல் நிரந்தரமாகப் பூட்டி, இடித்து, வீடுகள் கட்டினார்கள்.

ஆட்டம் நின்றது. பிரான்கி மானிங் தபால் திணைக்களத்தில் வேலைக்குப் போய் முப்பது வருசமளவு கடிதம் பிரித்தார். யோசித்துப் பாருங்கள். ஒரு கலையை உண்டாக்கின மனிசன், தபால் கந்தோரில்! 1986இல் கலிபோர்னியாவிலிருந்து இரண்டு இளம் நடனக்காரர் தேடிப்பிடித்துக் கேட்டபிறகுதான் திரும்ப ஆடவந்தார். 2009இல் 95 வயதுக்கு ஒரு மாதம் இருக்கக் காலமானார். அதற்கிடையில் உலகம் முழுக்கத் திரிந்து சொல்லிக்கொடுத்துவிட்டார்.

தொண்ணூறுகளில் வந்த மறுமலர்ச்சி வேறு வழியால் வந்தது. பங்க் ரொக், ஸ்கா வாசித்த பெடியள் கோட்டுப் போட்டுக்கொண்டு ட்ரம்பெற் பிடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ ஹெய்ட் தெருவில் கிளப் டீலக்ஸ், பிறகு பிரோட்வேயில் ஹை-போல் லவுஞ்ச் என்று இடங்கள் நிரம்பின. 1996இல் "ஸ்விங்கர்ஸ்" படம். 1998இல் காக்கிக் காற்சட்டை விற்க காப் கடைக்காரன் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டான், அதோடு அமெரிக்கா முழுக்கப் பைத்தியம். 1999 ஜனவரியில் சூப்பர் போல் இடைவேளையில்கூட ஒரு ஸ்விங் குழு வாசித்தது. அதற்குப்பிறகு இரண்டு வருசத்தில் நாகரிகம் மாறிவிட்டது. கோட்டுகள் பழைய துணிக்கடைக்குத் திரும்பிப்போயின. ஆட்டத்தில் உண்மையாகவே விருப்பம் வைத்த சனம் மட்டும் மிஞ்சியது. கோல்டன் கேட் பூங்காவில் 1996இலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிபெருக்கி வைத்துச் சும்மா ஆடுகிறார்களே, அந்த மாதிரியான ஆட்கள். அவர்களில் எனக்கு மரியாதை இருக்கிறது.

ஆனால் அந்த ஒலிபெருக்கியில்தான் எனக்குக் கதையும் இருக்கிறது.

பூங்காவில் காசு வாங்காமல் ஆடுகிறவர்கள் பாட்டுப் பெட்டி வைப்பதில் ஒரு பிழையும் இல்லை. நான் சொல்வது நுழைவுக்கட்டணம் வாங்கி, வகுப்புக்குக் கட்டணம் வாங்கி, வெளியூர் ஆசிரியருக்கு விமானச் சீட்டெடுத்து, கடைசியில் மடிக்கணினியிலே 1938ஆம் ஆண்டுப் பாட்டைப் போடுகிற இடங்களை. ஏன் வாத்தியக்குழு இல்லை என்று கேட்டால் வருகிற பதில், "நல்ல குழு கிடைப்பதில்லை, அவர்கள் வேகம் தப்புகிறார்கள், பழைய ஒலிப்பதிவுக்கு ஈடு இல்லை." கணக்கைப் பாருங்கள். பத்துப்பேர் குழு, ஆளுக்கு நூறு டொலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஆயிரம் டொலர். எண்பதுபேர் ஆட வந்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை டொலர். பழங்காலத்துச் சப்பாத்து என்று சொல்லி இருநூறு டொலருக்கு வாங்குகிற ஆளுக்கு இந்தப் பன்னிரண்டரை பாரமாம்.

இந்தச் சண்டை இன்றைக்குத் தொடங்கினது இல்லை. உடுக்கிறவை உருகி உருகிப் பேசுகிற அதே 1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம் ஒலிப்பதிவுக் கூடங்களைப் பகிஷ்கரித்தது. ஏன்? இசைத்தட்டும் காசு போட்டால் பாடுகிற பெட்டியும் எங்கட வயிற்றில் அடிக்கிறது, எங்களைக்கொண்டே பதிந்து எங்களையே வேலையில்லாமல் ஆக்குகிறீர்கள் என்று. பெரிய கம்பனிகள் 1944 நவம்பர் வரை இழுத்துவிட்டுத்தான் தட்டுக்கு இவ்வளவு என்று சங்கத்தின் நிதிக்குத் தர ஒத்துக்கொண்டன. அதே 1944இல் போர்ச் செலவுக்கென்று, ஆட்டம் நடக்கிற கடைகளுக்கு 30 வீத வரி வந்தது, சில மாதங்களில் 20 ஆகக் குறைத்தார்கள். ஆட்டம் இல்லாமல் வெறும் வாத்தியம் வாசித்தால் வரி இல்லை! கடைக்காரர் என்ன செய்வார்? ஆடுகிற தரையிலே மேசை போட்டார். ஜாஸ் வாத்தியக்காரர் இருந்து கேட்கிற சனத்துக்கு வாசிக்கப் பழகினார்கள். ஜாஸ் தானாக அறிவாளிகளின் இசையாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த வரியைப்பற்றி மூச்சுக்காட்டுவதில்லை. வாசிக்கிறவனுக்கும் ஆடுகிறவனுக்கும் இருக்கிற இந்த முறைப்பில் பாதியை அரசாங்கம் உண்டாக்கியது என்பேன்.

வாத்தியக்காரரும் சுத்தமான ஆட்கள் இல்லை, அதையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் குழுக்களில் கனபேருக்கு ஸ்விங் தாளம் பிடிபடவே இல்லை. ரொக் டிரம்ஸை வேகமாக அடித்து, மேலே ட்ரம்பெற் ஊதினால் ஸ்விங் ஆகிவிடும் என்று நினைத்தார்கள். ஸ்விங் என்பது ஒரு அடியை இரண்டாகப் பிரிக்கும்போது முதல் பாதி கொஞ்சம் நீண்டு, மற்றது கொஞ்சம் சோம்பி வருவது. அந்தச் சோம்பலில்தான் ஆடுகிறவனுடைய முழங்கால் மடிகிறது. அது இல்லாவிட்டால் ஆட்டம் தேகாப்பியாசம். இதை விளங்காமல் "எங்கட இசைக்கு ஆடத் தெரியாது" என்று மேடையில் நின்று நக்கலடித்த குழுக்காரரை நானே கண்டிருக்கிறேன். சிக் வெப் சவோயில் ஆடுகிறவனுடைய காலைப் பார்த்துத்தான் அடித்தார். நட்டுவனார் ஆடுகிற பிள்ளையின் பாதத்தைப் பார்க்காமல் தாளம் போடுவாரா?

நட்டுவனாரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இதே வளைகுடாப் பகுதியில், 1960களிலும் 70களிலும் பாலசரஸ்வதி அம்மா வந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீணை தனம்மாளின் பேத்தி. தாயார் ஜயம்மாள் பாட, தானும் பாடிக்கொண்டே ஆடினவர். சங்கீதம் தெரியாமல் ஆட்டம் இல்லை என்பதில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1973இல் சென்னை மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. அது பாட்டுக்காரருக்குக் கொடுக்கிற பட்டம், ஆட்டக்காரிக்கு! அந்த அம்மா வந்துபோன ஊரிலே இன்றைக்குப் பிள்ளைகள் ஒலிநாடாவுக்குப் பரதம் ஆடுகின்றன. அதே கதைதான். சதிர் ஆடின குடும்பங்களைத் துரத்திவிட்டு, சதிருக்குப் புதுப்பெயர் வைத்து, நகை உடுப்பு மட்டும் கூடிக்கொண்டு போனது எங்கட கதை. இங்கே உடுப்பு கோட்டும் தொப்பியும், அவ்வளவுதான்.

இப்ப உடுக்கிறவையிடம் வருகிறேன். எனக்கு உண்மையான கோபம் இவர்களில்தான்.

"அந்தக் காலத்தில் மனிசருக்கு ஒரு மரியாதை இருந்தது, ஆண்கள் ஆண்களாய் உடுத்தார்கள், பெண்கள் பெண்களாய் உடுத்தார்கள்" என்று ஒருத்தர் எனக்குச் சொன்னார். ஆருக்கு மரியாதை இருந்தது? அந்தத் தொளதொளத்த நீளக் கோட்டும் குதிக்காலில் இறுகின காற்சட்டையும், சூட் சூட் என்பது, கறுப்பின, மெக்சிக்க இளைஞர்களின் உடுப்பு. 1943 யூன் 3ஆம் திகதியிலிருந்து ஒரு கிழமையளவு லொஸ் ஏஞ்சலஸில் கடற்படைச் சிப்பாய்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கி, திரையரங்குகளுக்குள் புகுந்து, அந்த உடுப்புப் போட்ட பெடியளை இழுத்துவந்து அடித்து, உரிந்து, நிர்வாணமாகத் தெருவில் விட்டார்கள். பொலிஸ் பிடித்தது அடிவாங்கின பெடியளை. நகரசபை தடைசெய்யப் பார்த்தது அந்த உடுப்பை! 83 யூலையைக் கண்ட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் கலவரத்தின் பெயரையே தலைப்பாக வைத்த பாட்டு 1998இல் வானொலியில் சக்கைபோடு போட்டது. எழுதினவரின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், அதற்குக் குதித்தவர்களில் எத்தனைபேருக்கு அது ஒரு இனக்கலவரம் என்று தெரிந்திருந்தது? "யூலைக் கலவரம், ஊதடா ட்ரம்பெற்" என்று எங்களைப்பற்றி ஒருவன் பாட்டுப்போட்டால் ஆடுவோமோ?

டப்ளினுக்கு வருவோம். எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிற காம்ப் பார்க்ஸ் இராணுவ நிலம், 1940களில் காம்ப் பார்க்ஸ், காம்ப் ஷூமேக்கர், ஒரு கடற்படை ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த பெரிய கடற்படைத் தளமாக இருந்தது. 1944 யூலை 17ஆம் திகதி இரவு, இங்கிருந்து வடக்கே போர்ட் சிக்காகோ துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து 320பேர் செத்தார்கள். அதில் 202பேர் கறுப்பினத்தவர். ஏனென்றால் குண்டு ஏற்றுகிற வேலை அவர்களுக்கு, மேற்பார்வை வெள்ளை அதிகாரிகளுக்கு. மிஞ்சினவர்களைத் திரும்பவும் அதே வேலைக்குப் போ என்றபோது 258பேர் மாட்டோம் என்றார்கள். அவர்களை வைத்து விசாரித்த இடம் காம்ப் ஷூமேக்கர். ஐம்பது பேருக்குக் கலகக் குற்றம் சாட்டிச் சிறை. 2024 யூலை 17ஆம் திகதிதான், எண்பது வருசம் கழித்து, கடற்படை 256பேரையும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. அப்போது வீட்டுக்காரர் கேட்க ஆளில்லை, பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். மரியாதையான நாற்பதுகள் என்று சொல்கிற ஆட்கள் டப்ளின் ரயில் நிலையத்தில் இறங்கி, வடக்கே ஒருக்கால் திரும்பிப் பார்க்கட்டும்.

சான் பிரான்சிஸ்கோவிலேயே பில்மோர் பகுதி இருந்தது. 1942இல் அங்கிருந்த யப்பானிய அமெரிக்கர்களை அள்ளிக்கொண்டுபோய், சான் புரூனோவிலே குதிரைப் பந்தயத் திடலின் லாயங்களில் படுக்கவைத்தார்கள், பிறகு பாலைவன முகாம்களுக்கு. (முகாம்களிலும் சனம் ஸ்விங் வாசித்தது. மன்சனார் முகாமில் ஜைவ் பொம்பர்ஸ் என்று ஒரு குழுவே இருந்தது. முட்கம்பிக்குள்ளே பாட்டு ஏன் என்று முகாமில் இருந்தவன் கேட்கமாட்டான்.) வெறுமையான வீடுகளுக்குக் கப்பல் கட்ட வந்த கறுப்பினச் சனம் வந்தது. பில்மோர் "மேற்கின் ஹார்லெம்" ஆனது. 1950இல் தொடங்கின பொப் சிற்றியில் விடியவிடிய வாசிப்பு. பிறகு "புனர்நிர்மாணம்" என்று சொல்லி அதையும் இடித்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழும்பின. அவர்களுக்குத் திரும்பி வர முன்னுரிமை உண்டு என்று ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவே இல்லை. மீள்குடியேற்றக் கடதாசி கையில் வைத்திருக்கிற வலிகாமத்துச் சனத்துக்கு இந்தப் பத்திரத்தின் பெறுமதி தெரியும்.

வாத்தியக்காரர் சங்கம்கூட இந்த நகரத்தில் 1960 வரைக்கும் வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு. இதுதான் அந்தப் பொற்காலம்.

"மச்சான், பொழுதுபோக்குக்கு ஆடுற சனத்திட்டை உந்தச் சரித்திரமெல்லாம் ஏன் இழுக்கிறாய்" என்று ஒரு சிநேகிதர் கேட்டார். அவர் வேலைசெய்கிற கம்பனியில் நாற்பதுகள் என்று பெயர்வைத்து ஒரு விருந்து. மண்டபம் நிறையப் பூ, வாசலில் பழைய கார், தொப்பி வாடகைக்கு. பாட்டு மட்டும் கணினியில். பூவுக்கும் காருக்கும் செலவழித்த காசிலே இரண்டு வாத்தியக்குழு வைத்திருக்கலாம். நான் கேட்டேன், உங்கட மகளின்ரை கல்யாணத்துக்கு நாதஸ்வரம் ஒலித்தட்டிலே போடுவியளோ? "அதெப்படி, சனம் என்ன கதைக்கும்" என்றார். சனம் கதைக்கும் என்ற பயம் எங்கட தவில்காரனைக் கொஞ்சமாவது காப்பாற்றி வைத்திருக்கிறது. இங்கே அந்தப் பயமும் இல்லை.

எங்கட ஆட்களும் இதில் யோக்கியம் இல்லை. பைலாவுக்கு ஆடாத ஈழத்துக் கல்யாணவீடு இருக்கிறதா? பைலாவின் தாளம் எங்கிருந்து வந்தது? போர்த்துக்கேயரும் பின்னால் வந்தவர்களும் அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளம் சிரம்பியடியில் இன்றைக்கும் இருக்கிறார்கள். சிரட்டையும் போத்தலும் தட்டிப் பாடுகிறார்கள். பாட்டிலே இருக்கிற போர்த்துக்கேயச் சொற்களைப் பேச்சில் பாவிக்கிற ஆட்கள் அவர்களிடையே அருகிப்போனார்கள், பாட்டு மட்டும் மிச்சம். எங்கட கல்யாணவீட்டுக் குழுவில் நான் அந்தத் தாளத்தைத்தான் தட்டினேன். அந்தச் சனத்துக்கு எங்கட ஊரில் வைத்த பட்டப்பெயரை இங்கே வந்தும் கறுப்பின அயலவனைப் பார்த்துச் சொல்கிற ஆட்கள் உண்டு. அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் ஹிப்ஹொப் ஆடிப் பரிசு வாங்குகின்றன.

ஒலிப்பதிவுக்கு நான் எதிரி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி கசெற் கேட்ட சனம் நாங்கள். வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் பெட்டி பாடட்டும். வளைகுடாப் பகுதியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஓக்லண்டிலும் பெர்க்லியிலும் பள்ளிக்கூட ஜாஸ் குழுக்களில் படித்து வந்த கறுப்பினப் பிள்ளைகள், வயதான ட்ரம்போன்காரர், பிள்ளை வளர்த்துக்கொண்டு பகலிலே வேறு வேலை செய்கிற பியானோக்காரி. அவர்களைக் கூப்பிடாமல், செத்துப்போனவர்களின் ஒலிப்பதிவுக்கு ஆடிவிட்டு, செத்துப்போனவர்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு "மரபைக் காக்கிறோம்" என்பது பம்மாத்து. 2020க்குப் பிறகு இந்த வட்டங்களில் கறுப்பின ஆசிரியரைக் கூப்பிடவேண்டும், வரலாறு சொல்லவேண்டும் என்று பேச்சு எழுந்தது. சில இடங்களில் சுவரில் பிரான்கி மானிங்கின் படம் வந்தது. படத்துக்குச் சம்பளம் இல்லை.

மகள் இதை வாசித்துவிட்டு "அப்பா, எல்லாரையும் பேசிறியள், நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள். பெரிய விசயம் ஒன்றும் இல்லை. மாதம் நாலு ஆட்டமென்றால் அதில் ஒன்றைக் குறைத்து, மூன்றின் காசைச் சேர்த்து ஒரு குழுவைக் கூப்பிடுங்கோ. பத்துப்பேர் வேண்டாம், நாலுபேர் போதும். குழு வேகம் தப்பினால் தப்பின வேகத்துக்கு ஆடப் பழகுங்கோ, சவோயில் ஆருக்கும் மீற்றர் பூட்டி வாசிக்கவில்லை. வாசித்து முடிய மேடைக்குக் கிட்டப்போய் வாசித்தவரின் பெயரைக் கேளுங்கோ. அவளும் சிநேகிதரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாலுபேருக்கு இன்னும் நூற்றியெண்பது டொலர் குறைகிறதாம். சப்பாத்தை விற்கச் சொல்லியிருக்கிறேன்.